கோபுரக் கரைச் சங்கு

அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் இன்சுலின் போட வேண்டும். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை இறக்கி, பத்து வரை எண்ணி எடுப்பேன். அதற்கப்புறம் வீட்டில் அரை மணி நேரம் யாருக்கும் வேலை ஓடாது. குழம்பு ஆறும். அப்பா தட்டைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"ஏல, மணி ஆயிட்டா?"

"இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குப்பா."

"அந்தக் கடிகாரம் எப்பவுமே மெல்லத்தான் ஓடும்."

இந்த நேரத்தில் அவர் கை சும்மா இருக்காது. மருந்துச் சீட்டுகள் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருக்கும் சங்கை எடுத்து உருட்டிக்கொண்டே இருப்பார். 1989இல் ராமேஸ்வரம் போனபோது வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கூம்பு. பொன்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள், அவற்றின் நடுவே வெள்ளை முக்கோணங்கள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல வரிசை வரிசையாக. அப்பா ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தொரு வருஷம் சேலைப் பிரிவில் நின்றவர். சங்குக் கடையில் இதைக் கையில் எடுத்ததும் "கோபுரக் கரைல்லா இது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

1758இல் லின்னேயஸ் இதற்கு வைத்த அறிவியல் பெயர் கோனஸ் டெக்ஸ்டைல். கோனஸ் என்றால் கூம்பு, டெக்ஸ்டைல் என்றால் நெய்த துணி. இதைச் சொன்னபோது அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "பின்ன வேற என்னன்னு பேர் வைப்பான்?"

அந்தத் துணிக்குள் என்ன குடியிருந்தது என்பது எங்கள் இருவருக்கும் ரொம்ப வருஷம் தெரியாது. ஒருமுறை மண்டபம் பக்கம் நீர் வற்றிய நேரத்தில் பாறை இடுக்குகளில் நடந்துகொண்டிருந்தேன். மணலில் பாதி புதைந்து ஒரு கூம்பு தெரிந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கூட வந்த படகுக்காரர், "உசிரோட இருந்தா தொடாதீங்க சார், குத்திரும்" என்றார். நத்தை குத்துமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் நிறுத்தவில்லை.

முதலில் கண்ணில் பட்டது ரம்ஃபியஸ் எழுதிவைத்த ஒரு சாவு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த இயற்கையாளர் அவர். 1670இல் பார்வை போய்விட்டது. நான்கு வருஷம் கழித்து வந்த நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். பார்வையில்லாமலே சொல்லச் சொல்ல எழுதவைத்துச் செடிகளையும் சிப்பிகளையும் பற்றிப் பெரும் நூல்கள் செய்தார். அவர் செத்து மூன்று வருஷம் கழித்து, 1705இல் வெளிவந்த சங்குகள் பற்றிய நூலில் இந்தச் செய்தி இருக்கிறது. பண்டா தீவில் ஓர் அடிமைப் பெண் வலை இழுக்கும்போது அதில் கிடந்த கூம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கையில் லேசாக அரிப்பு. அது தோளுக்கு ஏறி, உடம்பெல்லாம் பரவி, செத்துப்போனாள். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மனிதருக்கு மிக ஆபத்தானது கோனஸ் ஜியோகிராபஸ் என்ற இனம். ஓட்டில் நிலப்படம் வரைந்ததுபோல் திட்டுத் திட்டாக இருக்கும். 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் இதைக் கையில் எடுத்த 27 வயது இளைஞர் ஒருவர் சில மணி நேரத்தில் இறந்தார். இதற்கு முறிமருந்து இல்லை. மூச்சு நின்றுபோகாமல் எந்திரத்தால் காப்பாற்றிக் கொண்டிருந்தால் விஷம் தானாக இறங்கும், பிழைக்கலாம். இதைச் சிகரெட் நத்தை என்பதும் உண்டு. குத்து வாங்கினால் ஒரு சிகரெட் குடித்து முடிக்கத்தான் நேரம் என்று அர்த்தம். கொஞ்சம் மிகைதான். உண்மையில் பதிவான சாவுகள் எல்லாக் காலத்தையும் சேர்த்தாலும் நாற்பதைத் தாண்டாது. நம் நாட்டில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் சாகிறார்கள். ஆகவே கூம்பு நத்தையைப் பார்த்துப் பயப்படுவதைவிட வரப்பில் செருப்பில்லாமல் நடக்கப் பயப்படலாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது சாவுக் கணக்கு இல்லை. நத்தைக்கு எதற்கு இவ்வளவு விஷம்?

மீன் தின்ன ஆசைப்படும் நத்தையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி விரியன் எலியைக் கடித்துவிட்டு விட்டுவிடும். எலி ஓடிப் புதரில் விழும். விரியன் மோப்பம் பிடித்து நிதானமாகப் பின்னால் போகும். அதற்கு இரண்டு நிமிஷம் கிடைக்கிறது. நத்தைக்கு அந்த இரண்டு நிமிஷம் கிடையாது. குத்து வாங்கிய மீன் ஐந்து வினாடி நீந்தினாலே போதும், நத்தை அங்கே போய்ச் சேர்வதற்குள் நண்டு தின்றுவிட்டிருக்கும். மெதுவாக வேலை செய்யும் விஷத்தால் அதற்கு ஒரு பயனும் இல்லை. அந்த உடம்பில் இருக்கிற எல்லா வினோதங்களும் அந்தச் சில வினாடிகளிலிருந்து பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

நத்தைகளுக்கு நாக்கில் அரம் மாதிரி பல் வரிசை இருக்கும், பாசியைச் சுரண்டித் தின்ன. கூம்பு நத்தையின் பரம்பரையில் அந்தப் பற்கள் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் சுருண்டு, உள்ளே பொள்ளலான ஊசியாக மாறிவிட்டன. நுனியில் முள். ஒரு பைக்குள் அம்பறாத்தூணி போல அடுக்கி வைத்திருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் துதிக்கை போன்ற குழல் நீளும். அதன் நுனிக்கு ஒரு பல் வந்து நிற்கும். துதிக்கை தொட்ட கணம் அந்தப் பல் பாயும். ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு பல்லை ஒருமுறைதான் பயன்படுத்தும், நாம் அப்பாவுக்குப் போடும் ஊசி மாதிரி. (நாங்கள் ஒரே ஊசியை மூன்று தடவை போடுகிறோம் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

மீன் பிடிக்கும் இனங்களில் பலவும் பல்லின் அடிப்பாகத்தைத் துதிக்கையால் கவ்விக்கொண்டே இருக்கும். மீன் துள்ளினாலும் விட்டுப் போகாது. பழைய பாடல்களில் பரதவர் சுறா மீது எறியும் கருவிக்கு எறியுளி என்று பெயர். கடைசியில் கயிறு கட்டியிருப்பார்கள். நத்தையிடம் இருப்பது அதேதான். ஊசியும் ஈட்டியும் கயிறும் ஒன்றாகச் சேர்ந்தது.

நத்தை மீன் பிடிக்கும் என்பதை 1956இல் ஆலன் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஹவாயில் தொட்டிக்குள் வைத்துப் பார்த்து எழுதினார். கோனஸ் ஸ்ட்ரியேட்டஸ் என்ற இனம். கூம்பு நத்தைகளைப் பற்றி எதைப் படித்தாலும் கடைசியில் இவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தியக் கடலின் கூம்பு நத்தைகளைப் பற்றியும் 1978இல் எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை. கூம்பு நத்தை வளரும்போது வெளி ஓட்டைத் தடிமனாக்கிக்கொண்டே உள்சுவர்களைக் கரைத்து மெலிதாக்கிவிடுகிறது, வீட்டுக்குள் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்குவது மாதிரி என்று காட்டியது. அதை எழுதிய மூவரில் ஒருவர் பெயர் வி. ஆர். மீனாட்சி. அந்தப் பெயரில் நான் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே படித்தேன்.

ஜியோகிராபஸ் இன்னொரு தினுசு. அது ஈட்டி எறிவதற்கு முன்னால் வாயை விரிக்கிறது. நத்தையின் உடம்பைவிடப் பெரிதாக, சுருக்குப்பையைத் திறந்ததுபோல வாய் விரியும். பவளப் பாறை இடுக்கில் ராத்திரி ஒதுங்கியிருக்கும் சின்ன மீன்கள் தப்பித்து ஓடாமல், ஏதோ மயக்கத்தில் இருப்பவை மாதிரி, அந்த வாய்க்குள் நின்றுகொண்டிருக்கும். பிறகு வாய் மூடும். உள்ளே வைத்து ஒவ்வொன்றாகக் குத்தும். அந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரையில் கடைசியாக வரப்போகிறேன்.

அதற்கு முன் மணிலா.

பல்டோமெரோ ஒலிவெரா பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்காவில் டிஎன்ஏ இழைகளை ஒட்டும் நொதி பற்றி முக்கியமான வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். 1970களின் தொடக்கம். மணிலாவில் அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவி எதுவும் இல்லை. கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தபோது, சின்ன வயதிலிருந்தே சேர்த்த சங்குகள் நினைவுக்கு வந்தன. கருவி இல்லாவிட்டால் என்ன, கடலில் நத்தை இருக்கிறது, சந்தையில் மீனவர்கள் கொண்டு வருகிறார்கள். லூர்தெஸ் குரூஸ் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து ஜியோகிராபஸின் விஷத்தைப் பிரிக்கத் தொடங்கினார். சோதனை ரொம்ப எளிமை. எலிக்கு ஊசி போட்டு, கம்பி வலையில் தலைகீழாகத் தொங்க விடுவார்கள். விஷம் வேலை செய்தால் கை கால் மரத்துக் கீழே விழும். எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று கடிகாரம் பார்ப்பார்கள். அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

கிடைத்ததைப் பார்த்து முதலில் கொஞ்சம் ஏமாற்றம். நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தை அடைக்கும் நஞ்சு அது. நாகத்தின் விஷமும் அதையேதான் செய்கிறது. ஆனால் நாகத்தின் நஞ்சில் அறுபது எழுபது அமினோ அமிலங்கள் கோத்திருக்கும். நத்தையுடையதில் பதின்மூன்றே பதின்மூன்று. அதே பூட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு அளவில் சாவி.

ஒலிவெரா அப்புறம் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடலே இல்லாத மாநிலம். அங்கே கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர் ஒரு யோசனை சொன்னார். விஷத்தை எலியின் வயிற்றில் போடாமல் நேராக மூளையில் போட்டுப் பார்ப்போமே. ஒலிவெராவுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சரி, செய்து பார் என்று விட்டுவிட்டார். விஷத்தைக் கூறு கூறாகப் பிரித்துப் போட்டார்கள். ஒரு கூறு போட்ட எலி தூங்கியது. இன்னொன்று வட்டமாக ஓடியது. இன்னொன்று சொறிந்துகொண்டே இருந்தது. இன்னொன்று நடுங்கியது. ஒரு துளி விஷத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிகள்), ஒவ்வொன்றும் நரம்பு மண்டலத்தில் ஒரே ஒரு வாயிலைத் தேடிப் போய்த் தட்டுகிறது என்பது அப்படித்தான் புரிந்தது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விஷம் என்றால் ஒரு பொருள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது சாவிக்கொத்து.

தூங்கவைத்த பெப்டைடுக்குக் கொனாந்தோகின் என்று பெயரிட்டார்கள். பிலிப்பினோ மொழியில் தூக்கக் கலக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குட்டி எலிகளுக்குப் போட்டால் தூங்குகின்றன. அதையே வளர்ந்த எலிகளுக்குப் போட்டால் நிலைகொள்ளாமல் அலைகின்றன. என்ன காரணமோ, லத்தீனும் கிரேக்கமும் குவிந்து கிடக்கும் அறிவியல் பெயர்களுக்கு நடுவில் ஒரு மணிலாக்காரரின் தாய்மொழிச் சொல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடுங்கவைத்த பெப்டைடை கோனஸ் மேகஸ் என்ற நத்தையிலிருந்து பிரித்தவர் மைக்கேல் மெக்கின்டாஷ், அப்போது பள்ளி முடித்துப் புதிதாகக் கல்லூரிக்கு வந்திருந்த பையன். இருபத்தைந்து அமினோ அமிலங்கள். வலியைத் தண்டுவடத்தில் கைமாற்றிவிடும் நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் வாயில் ஒன்று உண்டு, அதை அடைத்துவிடுகிறது. 1979 வாக்கில் கண்டது. ஜிகோனோடைடு என்ற மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004 டிசம்பரில். நத்தையில் இருந்ததை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஆய்வுக்கூடத்தில் செய்தது. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு வீரியம் என்பார்கள். மார்ஃபின் போல உடம்பு பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. கேட்கும்போது அமுதம் போலத் தோன்றும். ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது. ரத்தத்தில் ஏற்றினால் ரத்த அழுத்தம் விழும். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு பம்ப் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவட நீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அளவு கொஞ்சம் கூடினால் தலைசுற்றல், குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. வேறு எதற்கும் அடங்காத வலி உள்ளவர்களுக்கு மட்டுமே அது. வினாடிக்குள் வேலை முடிக்கும் விஷம் மருந்தாக மாறக் கால் நூற்றாண்டு பிடித்தது.

இவ்வளவு சாவிகளை ஒரு நத்தை எப்படிச் செய்தது? அதற்குக் கோலத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் அதே இடத்தில் இருக்கும், சுற்றிப்போகும் கோடு மட்டும் மாறும். கோனோடாக்சின் என்று பெயர் வைத்திருக்கும் இந்த நத்தை நஞ்சுகளில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம்தான் புள்ளி. இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டு சங்கிலியின் உருவத்தை இறுக்கிப் பிடித்திருக்கும், அசையாது. புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் எழுத்துகள், அதாவது மற்ற அமினோ அமிலங்கள், தலைமுறை தலைமுறையாகத் தாறுமாறாக மாறிக்கொண்டே போகும். விஷத்துக்கான மரபணு முதலில் இரண்டாகப் படியெடுக்கும். ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றது இஷ்டத்துக்கு மாறிப் பார்க்கலாம். உதவினால் நிலைக்கும். 1999இல் தாமஸ் டூடாவும் ஸ்டீபன் பலும்பியும் ஹவாய் நத்தை ஒன்றில் இந்த மரபணுக்கள் மாறும் வேகத்தை அளந்து காட்டினார்கள். அசாதாரண வேகம். இனத்துக்கு இனம் விஷத்தில் பொதுவாக இருப்பது ரொம்பக் குறைவு. ஆயிரத்துக்கு அருகில் இனங்கள், ஒவ்வொன்றிலும் நூறு என்று வைத்தாலும் லட்சம் சாவிகள். அவற்றில் நாம் எடுத்துப் பார்த்தது ஒரு சின்ன வளையம்தான்.

இந்தக் குடும்பம் தோன்றி ஐந்தரைக் கோடி வருஷம் ஆகிறது. நத்தை வம்சத்தில் இது நேற்று வந்த குடித்தனம். முதலில் எல்லாமே புழு தின்றவை. இன்றும் பெரும்பாலானவை புழுதான் தின்கின்றன. ஒரே பாறையில் பல இனங்கள் அடித்துக்கொள்ளாமல் வாழ்வதற்கு, ஆளுக்கொரு புழுவைப் பங்குபோட்டுக்கொண்டதும் ஒரு காரணம் என்று கோன் ஹவாயில் கண்டார். கோனஸ் இம்பீரியாலிஸ் என்ற புழுத்தின்னியின் விஷத்தில் புழுக்கள் துணையைக் கூப்பிட வெளியிடும் வாசனைப் பொருளைப் போலவே ஒன்று இருப்பதை 2021இல் கண்டுபிடித்தார்கள். கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டுக் கொல்வது. சில கிளைகள் பிற நத்தைகளைத் தின்னப் போயின. எங்கள் கோபுரக் கரை அந்தக் கூட்டம்தான். சில கிளைகள் மீனுக்குத் தாவின.

புழுவிலிருந்து மீனுக்கு எப்படித் தாவ முடியும்? புழு ஓடாது, மீன் ஓடும். இதற்கு 2014இல் செபாஸ்டியன் டுடெர்ட்ரேயும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு ஒரு விடை தருகிறது. ஜியோகிராபஸிடம் இருப்பது இரண்டு விஷம். நீண்ட விஷக்குழாயின் ஒரு பகுதியில் வேட்டைக்கானது, இன்னொரு பகுதியில் தற்காப்புக்கானது. பசித்தால் ஒன்று, பயந்தால் மற்றது. மனிதரைக் கொல்லும் திமிர்வாத நஞ்சு பயத்தில் வெளிவருவது. வேட்டை விஷம் மனிதரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அப்படியென்றால் புழு தின்றுகொண்டிருந்த காலத்திலேயே, தன்னைத் தின்ன வந்த மீனை விரட்ட நத்தை வைத்திருந்த ஆயுதம்தான் பின்னால் மீனையே தின்ன உதவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கதவுக்குப் பின்னால் திருடனுக்காக வைத்த தடியை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போன மாதிரி. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. பயந்தவனிடமிருந்துதான் வேட்டைக்காரன் பிறந்திருக்கிறான்.

நடுவில் ஒரு சின்ன விலகல், சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1650இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட், பளிங்குக் கூம்பு என்று பெயருள்ள ஒரு சங்கைப் பார்த்துச் செப்புத் தகட்டில் செதுக்கினார். கண்முன் இருந்ததை அப்படியே செதுக்கியதால், அச்சில் அது இடவலம் மாறி விழுந்தது. கையெழுத்தை மட்டும் திருப்பிச் செதுக்கியிருந்தார், அது சரியாக வந்துவிட்டது. நம் கணக்கில் பார்த்தால் அந்தப் படத்தில் இருப்பது வலம்புரி. லட்சத்தில் ஒன்றுக்கு அலைகிற நம் ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கூம்புகளுக்கு ஐரோப்பாவில் அப்போது பித்துப்பிடித்த விலை. 1796இல் நடந்த ஓர் ஏலத்தில் ஒரு கூம்பு 243 கில்டருக்கு (டச்சு நாணயம்) போனது. அதற்குச் சில வருஷம் முன்னால், 1791இல், டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியம் ஒன்று ஏலத்தில் 43 கில்டருக்குத்தான் போனது.

அந்தப் பித்து இன்னும் முழுசாக ஓயவில்லை. கேப் வெர்டே தீவுகளில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத ஐம்பதுக்கும் மேற்பட்ட கூம்பு இனங்கள் இருக்கின்றன. அவற்றின் குஞ்சுகள் நீரில் மிதந்து தூரம் போவதில்லை, பிறந்த இடத்திலேயே தவழ ஆரம்பித்துவிடுகின்றன. அதனால் விரிகுடாவுக்கு ஓர் இனமாகப் பிரிந்துவிட்டன. ஒரு விரிகுடாவில் விடுதி கட்டினால் ஓர் இனத்தின் கதையே முடியலாம். இந்தியாவில் கோனஸ் மில்னெஎட்வர்ட்சி என்ற அழகான நீளக் கூம்பை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், புலிக்கு இருக்கும் அதே பட்டியல். நம் தென்கடலில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் என்ற நத்தையிலிருந்து இருபத்தாறு அமினோ அமிலங்கள் உள்ள நஞ்சைப் பிரித்து, அது நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் செய்கிறது என்று பி. பலராமும் கே. எஸ். கிருஷ்ணனும் அவர்கள் குழுவினரும் 2003இல் காட்டினார்கள். மன்னார் வளைகுடாவை ஒட்டி வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது சொந்தக்காரர் வீட்டுச் செய்தி மாதிரி. சங்குக் கடைகளில் பளபளக்கும் ஓடு அப்படி வர வேண்டுமானால் உள்ளே இருந்ததைக் கொன்றிருக்க வேண்டும். செத்து ஒதுங்கிய ஓட்டில் அந்தப் பளபளப்பு இருக்காது. எங்கள் கோபுரக் கரையும் அப்படித்தான் வந்திருக்கும். அதற்கப்புறம் நாங்கள் எதுவும் வாங்கவில்லை. இதைத் தூக்கிப்போடவும் முடியவில்லை.

சரி, அந்த மயக்கம்.

2015இல் ஹெலேனா சஃபாவி ஹெமாமி, ஒலிவெரா உள்ளிட்ட குழு ஜியோகிராபஸின் விஷத்தில் இன்சுலின் இருப்பதைச் சொன்னது. நத்தைக்கு அதன் உடம்புக்கென்று ஓர் இன்சுலின் உண்டு. இது வேறு. மீனின் இன்சுலினைப் போலவே வடிவம் கொண்டது. வாயை விரித்தபடி நத்தை இதை நீரில் கலந்து விடுகிறது, செவுள் வழியாக மீனின் ரத்தத்தில் ஏறி, சர்க்கரை சரேலென்று இறங்கி, மீன் தள்ளாடி நிற்கிறது என்பது அவர்கள் எண்ணம். அதைத்தான் மயக்கம் என்று மேலே சொன்னேன். 2024இல் இன்னொன்றும் வந்தது. சர்க்கரை இறங்கினால் உடம்பு குளுகாகான் என்ற ஹார்மோனை விட்டு அதை ஏற்றப் பார்க்கும். அதைத் தடுக்கும் பெப்டைடும் அதே விஷத்தில் இருக்கிறது. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவுக்கும் தாழ் போடுகிறது.

இதை வாசித்தபோது அப்பா எதிரில் சங்கை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒருமுறை ஆனது உண்டு. ஊசி போட்டதை மறந்து சாப்பிடாமல் தூங்கிவிட்டார். எழுப்பினால் வியர்வையில் நனைந்து, என்னைக் கடைப் பையன் என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் தட்டில் இருக்கும் சேலையை எடுத்துவரச் சொன்னார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பத்து நிமிஷத்தில் மீண்டார். பாறை இடுக்கில் அந்த மீன் எப்படி நின்றிருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அரை மணி நேரத்துக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. மனித இன்சுலின் ஆறு ஆறாக, நடுவில் துத்தநாகத்தை வைத்து, கட்டாகக் கட்டிக்கொள்ளும். கணையத்தில் சேமித்து வைக்க அது வசதி. சீசாவிலும் அப்படித்தான் இருக்கிறது. தோலுக்கு அடியில் போட்டதும் கட்டு அவிழ்ந்து, ஒற்றை ஒற்றையாகப் பிரிந்தால்தான் ரத்தத்துக்குள் ஏறி வேலை செய்ய முடியும். அந்த அவிழ்ப்புக்குத்தான் அரை மணி நேரம். அப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. "பேல் வந்து எறங்கினா உடனே வித்திர முடியுமா? கட்டப் பிரிச்சு, உதறி, மடிச்சு அடுக்கணும்லா" என்றார். சீக்கிரம் அவிழும்படி மாற்றிய இன்சுலின்கள் 1996 முதலே கிடைக்கின்றன. விலை கூடுதல். அப்பா பழையதிலேயே நிற்கிறார்.

நத்தைக்குக் கட்டு அவிழும்வரை காத்திருக்க முடியாது. மனித இன்சுலினில் ஐம்பத்தொரு அமினோ அமிலங்கள். நத்தையின் விஷ இன்சுலினில் நாற்பத்து மூன்று. கட்டாகக் கட்டிக்கொள்ள உதவும் அந்த வால் துண்டே அதில் இல்லை. வெட்டிப் போட்டுவிட்டது. மனித இன்சுலினில் அந்தத் துண்டை வெட்டினால் வீரியமும் போய்விடும், அந்தத் துண்டுதான் செல்லின் கதவைப் பிடிப்பதற்கும் வேண்டும். நத்தை வேறு இடங்களில் எழுத்துகளை மாற்றி அந்தப் பிடியை ஈடுகட்டியிருக்கிறது. மனித உடம்பிலும் அது வேலை செய்யும் என்று 2016இல் வடிவம் பார்த்துச் சொன்னார்கள். 2020இல் யூட்டாவில் டேனி சௌவின் குழுவினர் நத்தையிடமிருந்து சில எழுத்துகளை வாங்கி மனித இன்சுலினில் பொருத்தி, கட்டாகச் சேராத, ஆனால் வீரியம் குறையாத குட்டி இன்சுலின் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். மருந்துக்கடைக்கு அது வரவில்லை. ஜிகோனோடைடுக்கு ஆன கால் நூற்றாண்டை வைத்துக் கணக்குப் போட்டால் அப்பாவுக்கு அப்போது நூறு வயது தாண்டியிருக்கும்.

நேற்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அது ஒரு நொடியில புடிச்சிருதுங்க. திங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"மணிக்கணக்கா ஆகும்பா. முழுசா முழுங்கிட்டு உள்ள வச்சு மெல்லச் செரிக்கும். அப்புறம் முள்ளு, செதிளு, அந்த ஊசிப் பல்லு எல்லாத்தையும் வெளிய துப்பிரும்."

சங்கை மருந்துச் சீட்டுகளின் மேல் வைத்தார். நெத்திலிக் குழம்பு இருந்த சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிஷம் பாக்கி இருந்தது.